கண்ணாடி அலமாரி வேண்டாம், கண்ணம்மா

அய்சு வகமட்சு, ஜப்பான்,
மார்ச், ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மார்ச் பிறந்த பிறகும் வாசலில் ஒதுக்கிய பனி இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது. உன் பார்சலை நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். லண்டனுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்றார்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தனியாக அனுப்புகிறேன்.

போன வாரம் வீடியோவில், யாமாபுடோப் பட்டையில் நான் முடைந்த பையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன் அல்லவா, அப்போது நீ, "ரெண்டு குளிர்காலம் உக்காந்து முடைஞ்சிருக்கீங்கப்பா, இதைக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டிடுவேன்" என்றாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் பையை நீ பூட்டி வைக்கக் கூடாது. ஏன் என்று போனில் சொல்ல வந்தால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். யாமாபுடோ என்றால் காட்டுத் திராட்சை என்பது உனக்கே தெரியும். சின்ன வயதில் அதன் சாற்றைக் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தவள் நீ. ஆனால் பட்டை உரிப்பதை நீ பார்த்ததில்லை. நானும் நீ லண்டன் போன பிறகுதான் பார்த்தேன். மிஷிமாவில் எனக்கு முடையச் சொல்லிக் கொடுக்கும் பாட்டியின் வீட்டுத் தாத்தா ஒரு ஜூன் மாதம் கூட்டிக்கொண்டு போனார். கரடி நடமாடும் மலை என்பதால் இருவரும் இடுப்பில் மணி கட்டிக்கொண்டோம். முந்தின நாள் பெய்த மழையில் சரிவெல்லாம் வழுக்கல்.

கொடி வருஷம் பூராவும் அங்கேயேதான் இருக்கிறது. பட்டை உரிவதோ ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, இரண்டு மூன்று வாரம் மட்டும். அந்த நாட்களில்தான் கொடி வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறது; பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரம் ஓடுகிறது. தாத்தா முதலில் மேலே இருந்த முரட்டுத் தோலைப் பிய்த்துப் போட்டார். அதை 'ஒனிகாவா' என்கிறார்கள், அரக்கன் தோல். அதற்கு அடியில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய பட்டை. கத்தியால் நீளவாக்கில் ஒரு கோடு கீறி, விரலை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். வாழைமட்டை உரிவதுபோலச் சரசரவென்று ஆள் உயரத்துக்கு மேல் உரிந்து வந்தது. உள்பக்கம் பளபளவென்று ஈரம். தொட்டேன், குளிர்ந்திருந்தது. இந்த நாட்களைத் தவறவிட்டால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும். அப்புறம் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாக் கொடியையும் அவர் தொடவில்லை. மரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறியதை விட்டுவிட்டு, நேராகத் தொங்குவதாகப் பார்த்து எடுத்தார். இளங்கொடிகளைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு நாள் முழுக்க அலைந்து நாங்கள் கொண்டுவந்தது இரண்டு கட்டு.

அதை உலர்த்திச் சுருட்டி வைத்துவிட்டு, குளிர்காலம் வந்ததும் தேவைப்பட்டதை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். ஊறியதும் தோல்போல வளையும். முடிச்சுகளை இழைத்து, கனத்தைச் சமப்படுத்தி, ஒரே அகல வார்களாக நறுக்கி, மர அச்சில் சுற்றிப் பின்னுவார்கள். கேட்க இவ்வளவுதான். என் முதல் குளிர்காலம் பூராவும் வார் நறுக்குவதிலேயே போயிற்று. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. பாட்டி ஒரு வாரை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பார். எங்கே தடிமன் மாறுகிறதோ அங்கே விரல் நின்றுவிடும். ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைக் காட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீ வீடியோவில் பார்த்தது இரண்டாவது பை. முதல் பையை உன் பிறந்தநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஈரமாக இருக்கும்போது நெருக்கமாகத் தெரிகிறதே போதும் என்று பின்னிக்கொண்டே போய்விட்டேன். காய்ந்ததும் வார்கள் சுருங்கின. ஒவ்வொரு பின்னலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றையும் தட்டி இறக்கி, காயவிட்டு, மறுபடி நெருக்கியிருக்க வேண்டும். பாட்டி திட்டவில்லை. "பிரித்துவிடலாம்" என்றார். கூடவே உட்கார்ந்து இரண்டு நாள் பிரித்தோம். அந்தப் பட்டையைத் தூக்கிப் போடவும் விடவில்லை. அதே வார்களைத் திரும்ப ஊறவைத்துத்தான் உன் பையின் அடிப்பாகத்தைப் பின்னினேன். அடியைத் திருப்பிப் பார்த்தால் சில வார்களில் பழைய மடிப்பின் தழும்பு லேசாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மிஷிமா உனக்குத் தெரிந்த ஊர்தான். தாதமி ஆற்றங்கரை, ரயிலில் ஒன்றரை மணி நேரம். இப்போது ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட அங்கே இல்லை. குளிர்காலத்தில் வயலும் மலையும் பனியில் மூடிக் கிடக்க, வீட்டுக்குள் உட்கார்ந்து வருஷத்துக்கு வேண்டிய சாமான்களைப் பின்னிக்கொண்டார்கள். இது நேற்று முந்தாநாள் வழக்கம் இல்லை. அந்த ஊரில் அராயஷிகி என்ற இடத்தைத் தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய பின்னல் துண்டுகளும் கயிறுகளும் கிடைத்திருக்கின்றன. மூன்று பொருள்கள் அவர்களுக்கு முக்கியம்: காட்டுத் திராட்சைப் பட்டை, மதாதபி என்ற கொடி, ஹிரோரோ என்ற கோரைப்புல். மலைக்குப் போகிறவன் சோற்றுப் பொட்டலமும் கத்தியும் போட்டுத் தோளில் மாட்ட ஹிரோரோ பை. அரிசி களைந்து வடிக்க மதாதபிக் கூடை. முள்ளிலும் கல்லிலும் உரசினாலும் கிழியாத சுமைக்குத் திராட்சைப் பட்டை. அலமாரியில் வைக்க என்று யாரும் எதையும் பின்னவில்லை.

அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. மற்ற ஊர்களைப்போல இங்கேயும் கைவிட்டிருப்பார்கள். ஆனால் 1981-ல் மிஷிமாக்காரர்கள் 'வாழ்க்கைக் கைவினை இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பக்கத்து மலையில் கிடைப்பதைக் கொண்டு, தங்கள் வீட்டில் புழங்குகிற சாமானைத் தாங்களே செய்துகொள்வது என்பதுதான் அதன் பேச்சு. 2003-ல் ஒகுஅய்சு என்ற இந்த மலைப்பகுதியின் பின்னல் வேலைக்கு ஜப்பான் அரசு பாரம்பரியக் கைவினை என்ற அங்கீகாரம் கொடுத்தது. நல்லதுதான், எனக்கும் பெருமைதான். ஆனால் பேர் வந்ததும் விலையும் ஏறியது. இப்போது ஒரு நல்ல திராட்சைப் பட்டைப் பை லட்சம் யென்னையும் தாண்டுகிறது. அதற்கான உழைப்பு அதில் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள்தான் அந்த விலையைப் பார்த்துப் பயந்து, துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுகிறார்கள். போன ஜூன் கைவினைஞர் திருவிழாவில் பாட்டியிடம் வாங்கிய ஒரு அம்மாள், "அழுக்காகிவிடுமே, வெளியே எடுக்க மாட்டேன்" என்றார். பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம் அந்தப் பை" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தன் மாமியாரின் கூடையை எடுத்துக் காட்டினார். நான் அதைத்தான் உனக்குக் காட்ட நினைத்தேன். போட்டோவில் அது வராது. உன் பை இப்போது என்ன நிறம்? உலர்ந்த செம்மண் நிறம், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. அந்தக் கூடை பழைய புளியைவிடக் கறுப்பு. பூசிய மெருகு கிடையாது, எண்ணெய் கிடையாது. கைப்பிடியில் நாலு விரல் பதியும் இடத்தில் மட்டும் பின்னல் மேடு தேய்ந்து வழவழவென்று கண்ணாடிபோல இருக்கிறது. உடம்போடு உரசிய பக்கம் மின்னுகிறது, மறுபக்கம் மங்கல். மாமியார் வலது கைக்காரர், எப்போதும் எந்த இடுப்பில் இடுக்கிக்கொள்வார் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் கூடையில் இருக்கிறது. திருநெல்வேலியில் ஆச்சியின் பனைநார்ப் பெட்டி அப்படித்தான் மூடி விளிம்பில் மட்டும் மின்னும். அதை வீடு மாற்றும்போது யாரிடமோ கொடுத்துவிட்டோம். எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

இந்த நிறம் கையின் எண்ணெயாலும் உரசலாலும் வருவது. கண்ணாடிக்குள் இருந்தால் வராது, வெறுமே உலர்ந்துபோகும். அதனால்தான் சொல்கிறேன் கண்ணம்மா, நான் செய்தது பாதி. மீதியை நீதான் செய்யவேண்டும். ஆபீசுக்கு எடுத்துப் போ. காய்கறி வாங்க எடுத்துப் போ. டியூப் ரயிலில் மடியில் வைத்துக்கொள். லஞ்ச் டப்பாவை உள்ளே போடு, ஒன்றும் ஆகாது. மூன்று தலைமுறை தாங்கும் என்று இங்கே சொல்வார்கள்.

அங்கே அடிக்கடி தூறும். சாரல் பட்டால் பயப்படாதே, உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வை. ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, வார் வெடிக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் பின்னல் போகும் திசையில் தேய்த்தால் போதும். முதல் சில மாதம் கம்பளிச் சட்டையோடு உரசாமல் பார்த்துக்கொள், நூல் இழுக்கும். எங்காவது வார் அறுந்தால் நீயாக ஒட்டாதே, எனக்கு அனுப்பு. அந்த ஒரு வாரை மட்டும் மாற்றிக் கொடுப்பேன்.

பார்சலில் இன்னொன்றும் இருக்கிறது, அம்மாவுடையது. மதாதபியில் முடைந்த சின்ன அரிசிக் கூடை. அம்மா ஜனவரியில் முடித்து, பாட்டி வீட்டு இறவாரத்தில் பனிக்கு மேலே ஒரு மாதம் தொங்கவிட்டார். குளிர்காற்றும் பனியில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து அதை வெளுக்கும், 'கன்சராஷி' என்பார்கள். இது பையைப்போல இல்லை, தண்ணீரில்தான் உயிர். நனைந்தால் இளகி, கையைக் குத்தாது, அரிசியும் ஒட்டாது. களைந்ததும் கவிழ்த்துக் காயவை. ஒன்று சொல்ல மறந்தேனே, மதாதபி என்றால் பூனைகளுக்குப் பைத்தியம். பாட்டி கொடியைச் சீவும்போது வீட்டுப் பூனை சீவல் குவியலில் விழுந்து புரளும். உன் பூனையிடமிருந்து கூடையை உயரத்தில் வை.

பையை விரித்ததும் உள்பக்கம், கைப்பிடி தொடங்கும் இடத்தில் பார். சாவி மாட்ட ஒரு வளையம் கட்டியிருக்கிறேன். அது திராட்சைப் பட்டை இல்லை, ஹிரோரோக் கயிறு. ஒன்பது வயதில் நீ முறுக்கியது. திருவிழாவில் ஒரு கூடாரத்தில் பாட்டிமார் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? இரண்டு புரியையும் வலப்பக்கமாக முறுக்கு, ஒன்றன்மேல் ஒன்று போடும்போது இடப்பக்கம் சுற்று, அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அவிழாமல் நிற்கும் என்று ஒருவர் உன் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நீ ஒரு சாண் நீளம் முறுக்கிவிட்டு, "அப்பா, விட்டாலும் அவுரல!" என்று கத்தினாய். வீட்டுக்கு வந்ததும் மேஜையில் போட்டுவிட்டு மறந்துபோனாய். நான் என் இழுப்பறையில் எடுத்து வைத்தேன். தொடக்கத்தில் தொளதொளவென்றும், போகப் போக இறுக்கமாகவும் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு புரிகூட அவிழவில்லை. கட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்தேன், புல்வாசனை லேசாக வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன்.

வீட்டுச் சாவியை அதில் மாட்டிக்கொள்.

ஜூன் இரண்டாவது சனி ஞாயிறு திருவிழா. லீவு கிடைத்தால் வா, டிக்கெட் நான் போடுகிறேன். வரும்போது பையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் கொண்டு வா. கைப்பிடி எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம், பாட்டி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா