படம் இல்லாத சுவத்துல எழுத்து - முருகேசனுக்கு ஒரு லெட்டர்

டேய் முருகேசா,

லெட்டர் கிடைச்சுது. பொண்ணு காலேஜ் சேந்துட்டான்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம். ஃப்ளெக்ஸ் வந்ததுல இருந்து போர்டு எழுதக் கூப்பிட ஆளே இல்லன்னு எழுதியிருந்தது மட்டும் மனச என்னமோ பண்ணிருச்சு.

மசூதில சிலை இல்ல, படம் இல்ல, அப்புறம் அதுல என்னடா கலைன்னு கேட்டிருந்த. போர்டு ஆர்ட்டிஸ்ட் கேக்குற கேள்வியாடா இது? அங்க எழுத்துதான் ஹீரோ. படமே வரையமாட்டாங்கன்னும் இல்ல, முகலாயர் காலத்து ஏடுகள்ல ராஜா, யானை, வேட்டைன்னு எல்லாம் இருக்கு, தொழுற இடத்துல உருவம் வைக்கிறதில்ல, அந்த இடத்த எழுத்தும் பூங்கொடியும் நட்சத்திர வடிவக் கட்டமும் எடுத்துக்கிச்சு.

போன மாசம் டெல்லில குதுப்மினார் போனேன். 72.5 மீட்டர் உசரம், எல்லாரும் அண்ணாந்து போட்டோ எடுக்குறாங்க, நான் பக்கத்து மசூதி முன்னாடி நிக்கிற வளைவுச் சுவரத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். 1199 வாக்குல எழுப்புனது. நெட்டு நெட்டா அரபி எழுத்து, அதுக்கு நடுவுல ஒரு கொடி நெளிஞ்சு சுருண்டு இலையும் மொட்டுமா ஓடுது பாரு, அது கோயில் வேல பாத்துப் பழகின கை. அந்த வளைவே நிஜ வளைவு கிடையாதுடா. கல்ல ஆப்பு மாதிரி வெட்டி ஒன்னுக்கொன்னு முட்டுக்கொடுத்து நிறுத்தாம, வரிசைக்கு வரிசை கொஞ்சம் முன்னால நீட்டி மேல கொண்டுபோய் சேத்துட்டாங்க, உள்ளூர் கல்தச்சருங்களுக்குத் தெரிஞ்ச வித்த அதுதான். சந்தோஷமா மட்டும் பாக்க முடியாது, 27 கோயில இடிச்ச கல்லுல கட்டுனதுன்னு வாசல் கல்வெட்டே சொல்லுது. இன்னொரு பக்கம் பாரு, 1368ல இடி விழுந்து டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் மினாரோட மேல்மாடிய திருப்பிக் கட்டுனப்ப, வேல செஞ்சவங்க விஸ்வகர்மா அருளால முடிஞ்சதுன்னு நாகரி எழுத்துல அதுலயே பொறிச்சு வச்சிருக்காங்க!

இந்த அரபி எழுத்துக்கு அளவு எப்படித் தெரியுமா? நாணல் பேனா நுனிய சாய்வா சீவி, மையத் தொட்டு ஒரு தடவ அழுத்துனா சாய்சதுரமா ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் ஸ்கேலு. அலிஃப்ங்குற முதல் எழுத்து, நெட்டுக்கோடு மாதிரி இருக்கும், அது இத்தன புள்ளி உசரம்னு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் கணக்கு இருக்கு. நீயும் பிரஷ் அகலத்த வச்சுத்தானே எழுத்து உசரத்தப் பிடிப்ப? இந்தக் கணக்க ஒழுங்குபடுத்துனது பாக்தாத்ல மந்திரியா இருந்த இப்னு முக்லாங்குறாங்க. அரசியல் சண்டையில அவரோட வலது கையவே வெட்டிட்டாங்க, 940ல ஜெயில்லயே செத்தாரு. வெட்டுன கையில பேனாவக் கட்டி எழுதுனாருன்னு ஒரு கதையும் உண்டு.

ஆக்ரா போயி தாஜ்மகாலும் பாத்தாச்சு. வெள்ளை மார்பிள்ல எழுத்து வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி, கருப்புக் கல்ல அதே வடிவத்துல அறுத்துப் பதிச்சிருக்கான், நகத்த வச்சு இழுத்தாலும் இடுக்கு தட்டாத மாதிரி இருக்கு. கீழ நிக்கிறவன் கண்ணுக்கு ஒரே சைஸா தெரியணும்னு மேல போகப்போக எழுத்தப் பெருசாக்கிட்டே போயிருக்காங்க. எழுதுனவர் ஈரான்ல ஷிராஸ் ஊருக்காரர், அமானத் கான்னு ஷாஜகான் பட்டம் குடுத்தாரு. அம்மாம்பெரிய கட்டடத்துல கையெழுத்துப் போட்டிருக்குறது அவர் மட்டுந்தான், கட்டுன ஆர்கிடெக்ட் பேருகூட அங்க எங்கயும் கிடையாது. எழுத்துக்காரனுக்கு இருந்த மவுசப் பாத்துக்க!

ஆனா உண்மையச் சொன்னா எனக்கு குதுப் எழுத்துதான்டா பிடிச்சுது. தாஜ்ல எல்லாம் ரொம்ப பர்ஃபெக்ட், கை பட்ட மாதிரியே இல்ல. நீ வேற மாதிரி சொல்லுவ, தெரியும், வந்து பாத்துட்டு சண்ட போடு.

டிக்கெட் போட்டா எனக்கு முதல்ல சொல்லு. டிசம்பர் கடைசி வேணாம், பனிமூட்டத்துல ஒன்னும் தெரியாது, பிப்ரவரில வா. வெள்ளிக்கிழம தாஜ்மகால் லீவு, அத விட்டுட்டு பிளான் பண்ணு. தங்கச்சியையும் கூட்டிட்டு வா, ரூம் எல்லாம் போடாத, வீட்லயே தங்கிக்கலாம்.

செல்வம்