காரைக் கல்லில் இருந்த குளிர்காலம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கோலூன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே.

இங்கே சின்னவளுக்குப் பெரம்பலூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவளை விடுதியில் சேர்த்துவிட்டு, நாம் கல்லூரி நாளிலிருந்து பேசிப் பேசியே தள்ளிப்போட்ட, பெரம்பலூர் பக்கத்துக் காரைக் கிராமத்துக்குப் போய்வந்தேன். நீ இல்லாமல் போனதற்குக் கோபப்படாதே.

மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டினால், புல்கூட சரியாக முளைக்காத மண்மேடுகள். மழை அவற்றைத் தாறுமாறாக அறுத்துப் போட்டிருக்கிறது. காலடியில் ஜிப்சத் தகடுகள் கண்ணாடிச் சில்லாக மின்னுகின்றன. அவ்வளவும் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்த சேறு.

ஓர் ஓடையில் சுண்டுவிரல் நீளத்தில் தேன் நிறக் கல் ஒன்று கிடந்தது. சிலேட்டுக்குச்சி மாதிரி ஒரு முனை கூர், மறுமுனை உடைசல். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலக் கோடுகள். அவற்றைச் சுற்றி மரத்தில் இருப்பது போல வளையங்கள். பெலம்னைட்! கணவாய்க்கு உறவான பிராணி, அதன் உடம்புக்குள் இருந்த கூடு.

அந்த வளையங்கள்தான் விஷயமே. தண்ணீர் குளிர்ந்தால் கனமான ஆக்சிஜன் (ஆக்சிஜனிலேயே அணு எடை கூடிய வகை) கூட்டில் கொஞ்சம் அதிகமாகச் சேரும், சூடானால் குறையும். வேதியியலாளர் ஹெரால்ட் யூரியும் கூட இருந்தவர்களும், காரைச் சேற்றுக்கும் முந்தைய ஜுராசிக் காலத்துப் பெலம்னைட் ஒன்றை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்து, 1951-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் நாலு வருஷம் வாழ்ந்திருக்கிறது, வசந்தத்தில் செத்திருக்கிறது, கோடைக்கும் குளிருக்கும் தண்ணீரில் 6 டிகிரி வித்தியாசம். ஒரு பிராணியின் கோடையும் குளிரும் இத்தனை கோடி வருஷம் கல்லுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது, சேகர்! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரைச் சேறு படிந்த காலத்தில் இந்தியா தெற்குக் கோளத்தில் இருந்தது. பூமி இன்றைவிட நல்ல சூடு. துருவங்களில் இன்றைய மாதிரிப் பனிப்பாளம் கிடையாது. கடல் நிலத்தின் மேல் ஏறி நின்றது. சுமார் 9.4 கோடி ஆண்டுக்கு முன் அந்தச் சூடு உச்சத்தைத் தொட்டபோது, பல கடல்களின் ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. செத்தது மக்கவில்லை. அதனால் அந்தக் காலத்துச் சேறு பல தேசங்களில் கன்னங்கரேலென்று கிடக்கிறது. ஆழத்தில் வாழ்ந்த எத்தனையோ இனங்கள் அதோடு போயின. படிக்கும்போது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு நினைக்கும்போது வயிறு என்னவோ செய்தது.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதற்குப் பேச்சே இல்லை, என் அலமாரியில் அது ஊமையாகத்தான் கிடக்கும். பை நிறைய அள்ளிப் போகிறவர்களைப் பார்த்தேன், ரொம்ப வருத்தமாக இருந்தது.

சரி, தை பிறந்ததும் நீ வா. மழைக்கப்புறம் ஓடைகளில் புதுசாகக் கல் வெளியே வந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஆறு மணிக்கே கிளம்பிவிடலாம். அப்புறம் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் சின்னவளோடு சாப்பிடலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி