கடன் நோட்டிலிருந்து ஒரு கடிதம்

ஆலங்குளம்,
20.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நீயே உன் கையால் நாலு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போடச் சொல்லி உன் தங்கச்சி எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டதால் மாலை போட்ட சாமிகளின் வண்டிகள் தென்காசி ரோடு முழுக்கக் குற்றாலம் பார்த்துப் போய்க்கொண்டிருக்கின்றன. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

"விலைவாசி உயர்வு 0.25 சதவீதமாம், பேப்பரில் போட்டிருக்கிறது. உன் கடைப் பக்கம் எப்படி?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். மூன்று நாளாக அந்த வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த 0.25 பொய்யில்லை. அக்டோபர் மாதக் கணக்கு அது. 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போடுகிற இந்த விலைக் குறியீட்டு வரிசையிலேயே இவ்வளவு குறைவாக வந்ததில்லை. காய்கறியும் பருப்பும் போன வருஷத்தைவிட நிஜமாகவே இறங்கியிருக்கின்றன. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 5 சதவீதம் கீழே. ஆனால் எதோடு ஒப்பிடுகிறார்கள் பார். போன வருஷம் அக்டோபரோடு. அந்த மாதம் காய்கறி விலை அதற்கு முந்தின வருஷத்தைவிட 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. மொட்டை மாடிக்கு ஏறினவன் ரெண்டு படி இறங்கினால் அதுவும் இறக்கம்தான். வாசலுக்கு வந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு கணக்கு உன் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. உன் அகவிலைப்படி இப்போது 58 சதவீதம் இல்லையா? 2016-ல் இருந்த விலையோடு ஒப்பிட்டு, தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். அதாவது அன்றைக்கு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் இன்றைக்கு நூற்று ஐம்பத்தெட்டு என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு, அந்த ஐம்பத்தெட்டை உன் கையில் கொடுக்கிறது. கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. என் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அந்தப் படி இல்லை. அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

கீழத்தெருவிலிருந்து ஒரு பெண் வருவாள். பகல் முழுக்கச் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவள். வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரெண்டு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, "அண்ணாச்சி, பத்து ரூபாய்க்குத் துவரம்பருப்பு, இருபது ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய், அஞ்சு ரூபாய்க்குச் சீரகம், ஒரு ஷாம்பு" என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் வாயிலிருந்து 'கிலோ' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அவளுக்குப் பருப்பு எப்போதும் பத்து ரூபாய்தான். மாறுவது என் தராசு. போன வருஷம் பருப்பு கிலோ நூற்றெண்பதில் நின்றபோது அந்தப் பத்து ரூபாய்க்கு ஐம்பது கிராம்தான் கொடுக்க முடிந்தது. இப்போது நூற்றிருபதுக்கு வந்திருக்கிறது, எழுபத்தைந்து கிராம் கொடுத்து வந்தேன். பொட்டலம் கொஞ்சம் கனத்திருக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம்.

அதே சமயம் தேங்காய் எண்ணெய் எங்கே போய் நிற்கிறது என்று பார். கொப்பரை வரத்து குறைந்து இந்த வருஷம் விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. போன வருஷம் இருபது ரூபாய்க்கு எண்பது மில்லி ஊற்றினேன், இப்போது நாற்பத்தைந்து. ஆடி மாதம் ஒரு நாள் அவள் பாட்டிலைத் தூக்கி பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, குறையுதே" என்றாள். அளவைக் குவளையை எடுத்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் வரும்போது சின்ன பாட்டிலாகக் கொண்டுவந்தாள். பெரிய பாட்டிலில் அடியில் கிடந்தால் பிள்ளைகள் கேட்கிறார்களாம், சின்னதில் ஊற்றினால் நிறைந்த மாதிரி இருக்குமாம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

உன்னிடம் மறைக்கக் கூடாது, இதையும் எழுதிவிடுகிறேன். கிலோ நூற்றிருபது என்றால் பத்து ரூபாய்க்கு எண்பத்து மூன்று கிராம் வர வேண்டும். நான் எழுபத்தைந்துதான் போட்டு வந்தேன். பேப்பர், சிந்துவது, எறும்பு அரிப்பது, பத்துப் பொட்டலம் மடிக்கிற நேரம் என்று எல்லாக் கடைக்காரரும் கழிக்கிற கழிவு அது. ஆனால் கூட்டிப் பார்த்தால் அவள் பருப்பு வாங்கியது கிலோ நூற்று முப்பத்து மூன்றுக்கு. மொத்தமாக வாங்க முடிகிற நீயும் நானும் நூற்றிருபதுக்கு. இருக்கிறவனுக்குக் குறைந்த விலை, இல்லாதவளுக்குக் கூடுதல் விலை. உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து பருப்புக்கு மட்டும் கிலோக் கணக்கிலேயே நிறுக்க ஆரம்பித்திருக்கிறேன். மற்ற சாமானுக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை.

நாடு முழுக்க 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை எடுத்துத்தான் அந்த 0.25-க்கான விலைக் குறியீட்டைப் போடுகிறார்கள். பெரிய வேலை, மெனக்கெட்டுச் செய்கிறார்கள். அதில் சேர்த்த சாமான்களின் கூடையில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது 2011-12 வாக்கில் குடும்பங்கள் செலவழித்த விதத்தை வைத்துத் தீர்மானித்தது. சாப்பாட்டுச் செலவுக்கு நகரத்தில் 36 சதவீதமும் கிராமத்தில் 54 சதவீதமும் வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரையும் கலந்து எடுத்த சராசரி. என் கடன் நோட்டில் இருக்கிற வீடுகளில் கூலி வந்த கையோடு பாதிக்கு மேல் அரிசி, பருப்பு, எண்ணெய், காய் என்று போய்விடுகிறது. விலை நூறில் பத்து ஏறினால் உன் வீட்டில் வங்கிச் சேமிப்பு கொஞ்சம் குறையும். அங்கே குறைக்கிறதுக்குச் சேமிப்பு எது? சாமானைத்தான் குறைக்க வேண்டும்.

எதை முதலில் குறைக்கிறார்கள் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். முதலில் பழம் போகும். அப்புறம் முட்டை. முட்டை இப்போது என் கடையில் ஏழு ரூபாய். ஆறாக வாங்கியவர்கள் ரெண்டு வாங்குகிறார்கள், அதுவும் ஆம்பளைக்கும் பிள்ளைக்கும். வீட்டுப் பெண் சாப்பிடுவதில்லை. அதற்குப் பிறகு பால் பாதியாகும். கடைசிவரை குறையாதது டீத்தூளும் சீனியும்தான், பசியை அமர்த்துவது அதுதானே. இந்தக் குறைப்பு எந்தக் குறியீட்டிலும் வராது. வாங்காமல் விட்ட முட்டைக்கு விலை எடுக்க யார் வருவார்கள்?

நல்லதையும் எழுத வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ முப்பது, பாமாயில் லிட்டர் இருபத்தைந்து. இந்த விலை வருஷக்கணக்கில் மாறாமல் நிற்பதால்தான் இந்தத் தெருவில் அடுப்பு எரிகிறது. ரேஷனில் பருப்பு போட்ட வாரம் என் கடையில் பருப்பு அசையாது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான். பதினைந்து தேதிக்கு மேல் என்னிடம்தான் வர வேண்டும். 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்க்கு வரியைக் கூட்டினார்களே, அந்த வாரமே பாமாயில் பாக்கெட் கிடுகிடுவென்று ஏறியது. இந்த வருஷம் மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கான அடிப்படை வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். ஏறின வேகத்தில் அது இறங்கவே இல்லை. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நடப்பது கீழத்தெரு தாளிப்புக் கரண்டிவரை வந்துவிடுகிறது.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறுகிற நாளை எனக்குக் காலண்டர் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. பாக்கியில் இருநூறு முந்நூறு கழித்துவிட்டு, ஒரு பாக்கெட் ரவை, அரைக் கிலோ உளுந்து என்று அன்றைக்கு மட்டும் எடையில் கேட்பார்கள். கேட்கிற குரலே வேறாக இருக்கும். 2023 செப்டம்பரில் ஆரம்பித்த அந்த ஆயிரம் இன்றைக்கும் ஆயிரம்தான். உன் படி வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏறுகிற மாதிரி இதற்கும் ஏதாவது ஒரு வழி வைத்தால் என்ன என்பது என் எண்ணம். நீ அரசாங்கத்தில் இருக்கிறவன், இது நடக்கிற காரியமா என்று சொல்.

நூறு நாள் வேலைக் கூலிக்கு அந்த வழி உண்டு. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 294 ரூபாய், அப்புறம் 319, இந்த வருஷம் 336. கடைசியாக ஏறியது 17 ரூபாய், ரெண்டு முட்டை வாங்கினால் மூன்று ரூபாய் மிஞ்சும். இதில் ஒரு விஷயம் தெரிந்து மலைத்துப்போனேன். இந்த வருஷம் ஜூலையில் புது வரிசை வருகிற வரைக்கும் அந்தக் குறியீட்டின் கூடை 1983-ல் எடுத்த கணக்கை வைத்து நெய்ததாம். 1983-ல் நாம் பிளஸ் டூ! உன் வீட்டு ரேடியோவில் கபில்தேவ் கோப்பை வாங்கியதைக் கேட்டோமே, அந்த வருஷம். அன்றைக்குக் கூலி வீட்டில் செல்போன் ரீசார்ஜ் ஏது, ஆட்டோவில் போகிற பிள்ளை ஏது? இன்றைக்கு ரீசார்ஜ் இல்லாமல் வேலைக்குக் கூப்பிடுகிற போன்கூட வராது. மாதம் என்று பேர், இருபத்தெட்டு நாளில் முடிந்துவிடுகிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளம், பதின்மூன்று ரீசார்ஜ். போன வருஷம் ஜூலையில் அதுவும் ஏறியது.

செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்தது பற்றியும் கேட்டிருந்தாய். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தது நல்லதுதான். பெரிய பாக்கெட் வாங்குகிறவருக்குக் கையில் தெரிகிறது. அஞ்சு ரூபாய் பாக்கெட் சிலது நாலு ரூபாய் சொச்சம் பைசா என்று அச்சடித்து வந்தது. அந்தப் பைசாவுக்குச் சில்லறை எங்கே போவது? பீடிக்கு 28-லிருந்து 18, பீடி இலைக்கு 18-லிருந்து 5 என்று குறைத்த செய்தியை நான் வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ கூலி ஏறுமா அண்ணாச்சி?" நவம்பர் பாதி ஆகிவிட்டது, இதுவரை ஏறவில்லை.

தக்காளிக் கதையோடு முடிக்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி எட்டாத உயரத்துக்குப் போய், சென்னையில் ரேஷன் கடையில் கிலோ அறுபதுக்குப் போட்டார்களே, நீகூட வரிசையில் நின்றதாக எழுதியிருந்தாய். அந்த மாதம் கீழத்தெருவில் புளியை ரெண்டு மடங்காகக் கரைத்துச் சமாளித்தார்கள். விலை படுத்துப்போகிற மாதங்களில் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோன தக்காளிக்கு வண்டி வாடகைகூடத் தேறாமல் விவசாயி செடியிலேயே விட்டுவிடுகிறான். அப்போது பறிக்கிற கூலி யாருக்கு இல்லாமல் போகிறது தெரியுமா? பீடி வேலை இல்லாத நாளில் தக்காளி பறிக்கப் போகிற இதே பெண்களுக்கு. ஏறினால் வாங்க முடியாது, இறங்கினால் வேலை கிடையாது. இந்த வாரம் மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

சரி, உன்னை ரொம்ப நேரம் படிக்க வைத்துவிட்டேன், கண்ணுக்கு ஆகாது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய், பேச்சு மாறாதே. வந்தால் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்கு வந்துவிடு. இன்னொரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன். நான் நிறுக்க நிறுக்க நீ பொட்டலம் மடித்துக் கொடு. பள்ளிக்கூடத்தில் அட்டை போட நன்றாக மடிப்பாயே, அந்தக் கை இன்னும் இருக்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
உன் மச்சான்