மூளைக்குப் பரவினால் ஆறு மாதம்தானா?

பீஷான், சிங்கப்பூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. ஜூரோங் வீட்டுச் சாமான்களெல்லாம் ஒருவழியாக இடம் பிடித்துவிட்டன என்று அறிந்து சந்தோஷம். பேத்தி ஓட ஆரம்பித்துவிட்டாளாமே, இனி அவளைப் பிடிப்பதற்கே உனக்கு ஒரு பணிப்பெண் வேண்டும்!

நீ கேட்டதற்கு வருகிறேன். புற்றுநோயாளிகளின் பராமரிப்பாளர் கூட்டத்தில் யாரோ "மூளைக்குப் போய்விட்டால் ஆறு மாதம்தான்" என்று சொல்ல, பாதிப் பேர் அழுதுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அது பழைய காலத்துக் கணக்கு. சிகிச்சையே இல்லாவிட்டால் ஒரு மாதம் போல, ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் இரண்டு மாதம், மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் என்று இருந்தது. எல்லாப் புற்றுநோயையும் ஒரே பானையில் கொட்டிக் கிளறி எடுத்த எண் அது. இன்று கேட்க வேண்டியது, எந்தப் புற்றுநோய், எந்த மரபணு மாற்றம், மூளைக்கு வெளியே நோய் அடங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

பெரியவர்களில் புற்றுநோய் வந்தவர்களை மொத்தமாக எடுத்தால், 10 முதல் 30 சதவீதம் பேருக்கு எப்போதாவது மூளைக்குப் பரவுகிறது. நோய் கண்டுபிடிக்கும்போதே மூளையில் இருப்பது சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். அந்த நேரத்திலேயே உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிவிட்டவர்களை மட்டும் பார்த்தால் சுமார் 12 சதவீதம் என்கிறது அமெரிக்கப் பதிவேடு. பெரும்பங்கு நுரையீரல், மார்பகம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆகிய மூன்றிலிருந்து வருகிறது. நம்மவர்களுக்கு மெலனோமா அபூர்வம் என்பதால் உன் கூட்டத்துக்கு வருவது முதல் இரண்டும்தான். புரோஸ்டேட் மூளைக்குப் போவது மிகக் குறைவு.

இங்கே நாம் அடிக்கடி பார்ப்பது புகைபிடிக்காத பெண்களின் நுரையீரல் புற்றுநோய். அதில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், நோய் முற்றிய நிலையில் தெரியவரும்போதே நான்கில் ஒருவருக்கு மூளையில் இருக்கும். மூன்று ஆண்டுகளில் பாதிப் பேரை நெருங்கிவிடும். உடலில் பரவிய, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த மார்பகப் புற்றுநோயிலும் ஏறக்குறைய பாதி. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல். ஹெர்-2 விஷயத்தில் ஒரு முரண் உண்டு. அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து உடலில் நோயை நன்றாக அடக்குகிறது, ஆனால் மூலக்கூறு பெரியது என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழைவதில்லை. ஆட்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், நோய் மூளையில் பதுங்கிக்கொள்கிறது.

இனி ஆயுள் கணக்கு. வயது, நடமாட்டம், மூளையில் எத்தனை கட்டி, வெளியே நோய் எப்படி, மரபணு என்ன என்று மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோயில் கடைசி மதிப்பெண்காரர்களுக்கு இடைநிலை ஆயுள் ஏழு மாதம், முதல் மதிப்பெண்காரர்களுக்கு ஏறக்குறைய 47 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி இருப்பார்கள். அது கெடு தேதி இல்லை. கட்டிகளின் எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்படுவதும் ஓரளவுக்குத்தான். 2014-இல் வந்த ஜப்பானிய ஆய்வில், கட்டியை மட்டும் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 2 முதல் 4 கட்டி இருந்தவர்களுக்கும் 5 முதல் 10 இருந்தவர்களுக்கும் இடைநிலை ஆயுள் ஒன்றே: 10.8 மாதம்.

மறுபக்கமும் உண்டு. படுக்கையோடு இருக்கும் நோயாளிக்கு முழு மூளைக் கதிர்வீச்சு கொடுக்கச் சொல்லிக் குடும்பம் பிடிவாதம் பிடிக்கும். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியான குவார்ட்ஸ் ஆய்வில், அறுவைக்கோ குறிபார்த்த கதிர்வீச்சுக்கோ ஏற்றவர்களாக இல்லாத 538 நுரையீரல் நோயாளிகளைப் பார்த்தார்கள். இடைநிலை ஆயுள் முழு மூளைக் கதிர்வீச்சோடு 9.2 வாரம், அது இல்லாமல் 8.5 வாரம். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கைகழுவிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

வீட்டில் அதிகம் சொதப்புவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான். மூளை வீக்கத்துக்கு லேசான அறிகுறி என்றால் நாளுக்கு 4 முதல் 8 மில்லிகிராம், கடுமை என்றால் 16. சாப்பாட்டுக்குப் பிறகு, காலையிலும் மதியத்திலும் முடித்துவிட வேண்டும். ராத்திரி கொடுத்தால் தூக்கம் போய்விடும். நோயாளி விடியும்வரை பேசிக்கொண்டே இருப்பார். நம்மவர்களில் சர்க்கரைக்காரர்கள் அதிகம் அல்லவா? காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை சரியாகவே இருக்கும், சாயங்காலம் எகிறும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்க்கச் சொல். சில வாரம் ஆனதும் தொடைத் தசை தளர்ந்து, கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் போகும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பதறுவார்கள். பல நேரம் மருந்தின் வேலைதான், டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கப் பார்ப்பார். தலைவலி போய்விட்டது என்று தாங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. வீக்கம் திரும்பும், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருப்பதால் ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் வரும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். வாயில் கரண்டி, கையில் சாவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ ஆம்புலன்ஸுக்கு 995. வலிப்பே வராதவருக்கு முன்கூட்டித் தடுப்பு மாத்திரை பொதுவாகக் கொடுப்பதில்லை.

"பெட் ஸ்கேன் சுத்தம்" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால், மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ எடுத்தார்களா என்று கேள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தைத்தான் பெட் ஸ்கேன் காட்டும்; மூளை எப்போதுமே சர்க்கரையை உறிஞ்சுவதால் அதில் சின்னக் கட்டி மறைந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒன்று. மெடிஷீல்ட் லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி கொடுப்பது அரசின் புற்றுநோய் மருந்துப் பட்டியலைப் பொறுத்தது. ஒரே மருந்து ஒரு நோய்க்குப் பட்டியலில் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. புற்றுநோய் மருந்து தொடங்குமுன் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கட்டும். தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தையும் நோயாளி தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், யோசிக்கும் திறன் போனபின் செய்ய முடியாது.

கூட்டத்துக்கு நீ தயாரிக்கும் தாளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பு, மருந்து அளவுகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா