மோர்டன் என்று விற்ற ஜெர்மன் பென்சில்: பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோரி

பெறுநர்:
விற்பனை நிர்வாகி,
பழம்பொருள் விற்பனை நிறுவனம்,
கோலாலம்பூர்.

ஐயா, வணக்கம்.

"சாம்சன் மோர்டன், லண்டன், 1880, ஸ்டெர்லிங் வெள்ளி" என்று உங்கள் இணையக் கடையில் போட்டிருந்த மெக்கானிக்கல் பென்சிலை 480 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வந்து சேர்ந்தது லண்டனின் மோர்டன் நிறுவனம் செய்த பென்சில் அல்ல.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முனைக்கு மேலே, வளையத்தை ஒட்டி, '900' என்ற எண்ணும் 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகளும் குத்தியிருக்கின்றன. அந்த எழுத்துகள் ஜெர்மனியில் பயன்பாட்டு வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான குறி. அந்தப் பதிவுச் சட்டமே 1891இல்தான் வந்தது. 1880இல் செய்த பென்சிலில் அது எப்படி இருக்கும்? ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. இதில் இருப்பது 900. லண்டனில் தரம் பார்த்த வெள்ளிக்கு நடக்கும் சிங்கமும் சிறுத்தைத் தலையும் முத்திரையாக இருக்கும். அந்த முத்திரைகள் முழுமையாக இல்லாத மோர்டன் பென்சில்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் மோர்டன் பெயரே கிடையாது.

"பழைய பொருள், முத்திரை தேய்ந்திருக்கும்" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். பக்கத்திலேயே 900 கூர்மையாக நிற்கும்போது மோர்டன் பெயர் மட்டும் தடமில்லாமல் தேயுமா?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் தோட்டங்களை நடத்திய துரைமாரும் கணக்கெழுதிய கிராணிமாரும் விட்டுச் சென்ற பென்சில்களைப் பழைய தோட்டக் குடும்பங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. யார் செய்தது என்று கேட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஐயத்திற்கிடமில்லாத ஒரு மோர்டன் வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். 1822இல் ஜான் ஹாக்கின்ஸுடன் சேர்ந்து மெக்கானிக்கல் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்ற மோர்டனின் பெயரை இதில் ஒட்டியதால் ஏமாந்தவன் நான் மட்டுமல்ல. இதை நேர்த்தியாகச் செய்த ஜெர்மன் பட்டறையின் உழைப்பும் வேறொருவர் கணக்கில் போய்விட்டது. அதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம்.

தபால் செலவோடு முழுத் தொகையையும் 14 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். பென்சிலைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன். இன்னும் விற்பனையில் உள்ள உங்கள் 'மோர்டன்' பென்சில்கள் எல்லாவற்றுக்கும் முத்திரைகளின் நெருக்கமான படங்களைப் போடுங்கள். எங்களைப் போல் வெளியூரிலிருந்து வாங்குபவர்களுக்குப் படத்தை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். ரசீதையும் முத்திரைப் படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.