கருந்துளையில் நின்றது யாருடைய கடிகாரம்?

கருந்துளைகளைப் பற்றித் தமிழில் காணொளி செய்கிற, எழுதுகிற நண்பர்களுக்கு, வணக்கம்.

"கருந்துளையின் விளிம்பில் நேரம் நின்றுவிடும்" என்று முகப்புப் படத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அடுத்த காட்சியில் ஒரு விண்வெளி வீரர் விளிம்பருகே அசையாமல் தொங்குகிறார். "காலம் உள்ளவரை அவர் அங்கேயேதான் இருப்பார்" என்கிறது பின்னணிக் குரல். கேட்கிறவருக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் நின்றது யாருடைய கடிகாரம் என்று யாருமே சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருகிற எல்லாமே கோணலாகிவிடுகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

விழுகிறவரின் கையில் ஒரு கடிகாரம், வெகுதொலைவில் நின்று பார்க்கிறவரின் கையில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். விழுகிறவருக்கு எதுவும் நிற்பதில்லை. நிகழ்வெல்லையை, அதாவது ஒளிகூடத் திரும்பி வர முடியாத அந்த விளிம்பைக் கடக்கும் நொடி மற்ற நொடிகளைப் போலவே வந்து போகும். அங்கே சுவரும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. தாமதம் எல்லாம் தொலைவில் இருப்பவருக்கு வந்து சேரும் ஒளியில்தான். எல்லையை நெருங்க நெருங்க, அடுத்தடுத்துக் கிளம்பும் ஒளி வெளியே வர மேலும் மேலும் நேரம் எடுக்கிறது. எல்லையில் கிளம்பும் ஒளி வந்து சேர்வதே இல்லை.

இது புதுச் செய்தியும் அல்ல. 1939-ல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் தன் ஈர்ப்பாலேயே நொறுங்கும் விண்மீனைக் கணக்கிட்டபோதே இரண்டு விடைகளையும் சேர்த்தே சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விண்மீன் தன் எல்லை ஆரத்தை, அதாவது நிகழ்வெல்லையின் ஆரத்தை, நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடவே தொடாது. விண்மீனோடு சேர்ந்து விழுகிறவருக்கோ சுமார் ஒரு நாளில் கதை முடிந்துவிடும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு ஸ்வார்ஸ்சைல்டு 1916-ல் தந்த தீர்வில் எல்லை ஆரத்தில் ஒரு கோளாறு தெரிகிறதே, அது ஆயத்தொலைவு முறையின் (இடத்தையும் நேரத்தையும் எண்களால் குறிக்கும் முறையின்) கோளாறு, அந்த இடத்தின் கோளாறு அல்ல என்று இயற்பியலாளர் லெமேத்ர் 1933-லேயே காட்டிவிட்டார். உலக வரைபடத்தில் துருவம் ஒரு நீண்ட கோடாக இழுபட்டுக் கிடக்கிறது. அதற்காகத் துருவத்தில் நிற்பவரையா யாராவது பிடித்து இழுக்கிறார்கள்? ஆனாலும் நம் காணொளிகள் பாதி விடையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டுவிடுகின்றன.

அந்தப் பாதி விடையிலும் ஒரு பிசகு இருக்கிறது. வீரர் அங்கே "தொங்கிக்கொண்டு தெரிவார்" என்கிறீர்களே, தெரியவே மாட்டார். வந்து சேரும் ஒளி தாமதமாவதோடு நிற்பதில்லை, அலைநீளமும் அடுக்கடுக்காகப் பெருகுகிறது. சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளை என்றால், வெளியே இருப்பவரின் கடிகாரத்தில் ஒவ்வொரு 0.2 மில்லி நொடிக்கும் அலைநீளம் சுமார் 2.7 மடங்காகிறது. ஐந்தே மில்லி நொடியில் பச்சை ஒளியின் அலைநீளம் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒளித்துகள்களும் அருகிப்போய், கடைசித் துகள் என்று ஒன்று வந்துவிடும். அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? கணிதத்தில் முடிவிலிவரை நீளும் காட்சி, கண் இமைப்பதற்குள் இருட்டாகிவிடுகிறது.

எனக்கு இதைவிட அதிக வருத்தம் தருவது இன்னொரு வசனம்: "விழுகிறவர் திரும்பிப் பார்த்தால் பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுவதும் கண்முன் ஓடி முடியும்." கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. வெகுதொலைவிலிருந்து தடையின்றி விழுகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை இரண்டு விளைவுகள் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. ஈர்ப்பு அந்த ஒளியின் அதிர்வெண்ணைக் கூட்டுகிறது. அவர் ஒளியைவிட்டு ஓடும் வேகமோ அதைக் குறைக்கிறது. வெல்வது வேகம்தான். நிகழ்வெல்லையைக் கடக்கும் கணத்தில், நேர் பின்னால் தெரியும் கடிகாரம் சரியாகப் பாதி வேகத்தில் ஓடுவதாகத்தான் அவருக்குத் தெரியும். வேகமாக அல்ல, மெதுவாக! உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட கணத்துக்குப் பிறகு கிளம்பும் ஒளி, அவர் மையத்தை அடைவதற்குள் அவரை எட்டிப்பிடிக்கவே முடியாது.

அப்படியானால் அந்த வசனம் எங்கிருந்து வந்தது? விழாமல், ராக்கெட்டை இடைவிடாமல் எரித்து எல்லைக்குச் சற்று வெளியே நிலையாக நிற்பவரிடமிருந்து. எல்லை ஆரத்தைவிட ஒரு சதவீதம் மட்டும் தள்ளி நிற்பவரின் ஒரு மணி நேரம், தொலைவில் இருப்பவருக்குச் சுமார் பத்து மணி நேரம். அவருக்கு வெளியுலகம் வேகமாக ஓடுவது உண்மைதான். நிற்கிறவரின் அனுபவத்தை எடுத்து விழுகிறவரின் தலையில் கட்டிவிட்டோம்.

வீரர் விளிம்பிலேயே உறைந்து நிற்கிறார் என்ற கதையை அப்படியே நம்புகிறவர் ஒருநாள் நியாயமாகவே கேட்பார்: "அப்போ இதுவரை எதுவுமே கருந்துளைக்குள் விழவில்லையா?" பதில் வானத்திலிருந்தே வந்தாயிற்று. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளை) அளக்கும் லைகோ கருவிகள் பதிவுசெய்த அலை, சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் ஒன்றானதால் எழுந்தது. அவை எல்லையருகே முகத்துக்கு முகம் உறைந்து நிற்கவில்லை. கலந்து, அதிர்ந்து, சில மில்லி நொடிகளில் ஒரே கருந்துளையாக அடங்கின. கருந்துளை அப்படித்தான் அதிர்ந்து அடங்கும் என்று 1970-லேயே கணக்கிட்டுக் காட்டியவர் நம் நாட்டு இயற்பியலாளர் விஸ்வேஸ்வரா. அவர் பெயரைச் சொல்லும் காணொளி அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

உறைந்த வீரரை விட்டுவிட்டால் பரபரப்புக்கு எங்கே போவது என்கிறீர்களா? உள்ளே போனவரின் கடிகாரத்தைக் காட்டுங்கள். நம் பால்வெளியின் நடுவே சுமார் 43 லட்சம் சூரிய நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. சுழற்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், வெகுதொலைவிலிருந்து விழுகிறவருக்கு எல்லையிலிருந்து மையம்வரை 28 நொடி. என்னதான் ராக்கெட்டை இயக்கினாலும் சுமார் 66 நொடியைத் தாண்ட முடியாது, ஏனென்றால் உள்ளே மையம் என்பது ஓர் இடமாக இல்லாமல் நாளை என்பதைப் போல வந்தே தீரும் நேரமாகிவிடுகிறது. 2019-ல் படம் வெளியானதே, எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளை, அதன் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். அங்கே அதே பயணத்துக்குச் சுமார் 12 மணி நேரம். எல்லையைக் கடக்கும்போது உடலைப் பிய்க்கும் இழுவிசைகூட அங்கே இருக்காது. தாண்டிவிட்டோம் என்பதே தெரியாமல் அரைநாள்.

உறைந்த காட்சியை வைத்தே ஆக வேண்டும் என்றால் வையுங்கள், தடையில்லை. திரையின் ஓரத்தில் இரண்டு கடிகாரங்களைப் போட்டு, எது யாருடையது என்று கீழே எழுதுங்கள். வெளியே இருப்பவரின் கடிகாரம் ஓட ஓட, வீரரின் உருவத்தைச் சிவக்கவிட்டு அணைத்துவிடுங்கள். பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளைக்கு ஒவ்வொரு 85 நொடியிலும் அலைநீளம் 2.7 மடங்காகும். காட்சி மறைய எத்தனை நிமிடம் என்பதை அதைக்கொண்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளைத் தவறாமல் பார்க்கும் ஒரு வாசகர்