நிதி அமைச்சகத்துக்குக் கேள்வி எழுதும் நண்பனுக்கு

மந்தைவெளி, சென்னை-28

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த கேள்வி வரைவுகளும் கிடைத்தன. எம்.பி. அலுவலகத்தில் நிதித் துறைக் கேள்விகளை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மழைதான் இன்னும் பிடித்தபாடில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வரைவில் 'தமிழ்நாட்டுக்கு வரிப் பகிர்வில் அநீதி இழைக்கப்படுகிறதா' என்று கேட்டிருக்கிறாய். அது அப்படியே போனால் மக்களவைச் செயலகமே தள்ளிவிடும். விதி 41-ன்படி வாதம், ஊகம், அமைச்சரின் கருத்தைக் கேட்பது எதுவும் கூடாது. 150 சொல்லையும் தாண்டக் கூடாது. தப்பித்தவறி அனுமதி கிடைத்தாலும் 'நிதிக்குழுவின் பரிந்துரைப்படியே பகிரப்படுகிறது' என்று, மாநிலங்களின் வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் அந்தக் குழுவைக் காட்டி, ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உன் கோபம் நியாயமானது. அதனால்தான் சொல்கிறேன், எண்ணைக் கேட்டு வாங்கு.

பெட்ரோலை எடுத்துக்கொள். 2021 ஏப்ரலில் லிட்டருக்கு ஒன்றிய அரசு வாங்கிய எக்சைஸ் (கலால் வரி) 32 ரூபாய் 90 பைசா. 'எக்சைஸ் எவ்வளவு, மாநிலங்களின் பங்கு எவ்வளவு' என்று பொதுவாகக் கேட்டால், 32.90 ரூபாய், 41 சதவீதம் என்று இரண்டு எண் வரும். இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் படிப்பவர் லிட்டருக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் போகிறது என்றே நினைப்பார். பிரித்துக் கேட்டால் கணக்கு வேறு: அடிப்படை எக்சைஸ் 1.40, சிறப்புக் கூடுதல் எக்சைஸ் 11, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 18, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. குறிப்பிட்ட நோக்கத்துக்கென வாங்கும் செஸ்ஸும், வரிக்கு மேல் கூடுதலாக வாங்கும் சர்சார்ஜும் (அந்த 11 ரூபாயும் இந்த வகைதான்) மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பகிர்வுக்கு வருவது அந்த ஒன்று நாற்பது மட்டுமே. அதில் 41 சதவீதம் என்றால் 57 பைசா, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 15-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். ஆக நமக்கு லிட்டருக்கு இரண்டு பைசா சொச்சம். அநீதி என்ற சொல்லே இல்லாமல் இந்த ஒரு பதில் பேசிவிடும்.

ஆகவே முதல் கேள்வியை இப்படி மாற்றி எழுது: (அ) 2021-22 முதல் ஆண்டுவாரியாக மொத்த வரி வருவாய் எவ்வளவு; (ஆ) அதில் செஸ், சர்சார்ஜ் ஒவ்வொன்றிலும் பெயர்வாரியாக வசூலான தொகை எவ்வளவு; (இ) ஒவ்வொரு செஸ்ஸிலிருந்தும் அதற்குரிய நிதியத்துக்கு மாற்றப்பட்ட தொகை எவ்வளவு. இதில் (இ)-யை எக்காரணம் கொண்டும் விடாதே. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸில் 2017-18, 2018-19 இரண்டு ஆண்டுகளில் மட்டும் 47,272 கோடி ரூபாய் இழப்பீட்டு நிதியத்துக்குப் போகாமல் ஒன்றிய அரசின் பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியிலேயே தங்கியதை சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை காட்டியது. வசூலை மட்டும் கேட்டிருந்தால் அது கண்ணில் படாது.

மூன்று பகுதியோடு நிறுத்திக்கொள். ஐந்தாறு பகுதி வைத்தால் '(அ) முதல் (உ) வரை' என்று மொத்தமாகக் கட்டி ஒரே பதிலாகத் தருவார்கள். நமக்கு வேண்டிய எண் அதற்குள் காணாமல் போகும். கடைசியில் 'அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் யாவை' என்று வழக்கமாகச் சேர்க்கிறோமே, அதை அடித்துவிடு. திட்டங்களின் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு வரும், வேறொன்றும் வராது.

செலவு பற்றிய கேள்விகளில் எந்தக் கட்டத்து எண் வேண்டும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றும் வேறு வேறு. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் உண்மைச் செலவு 2023-24-க்குத்தான் இருந்தது, 2024-25-க்குத் திருத்திய மதிப்பீடு மட்டும். 'நிதி எவ்வளவு' என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒதுக்கீட்டைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது என்று மூன்று பத்தியாகக் கேள்.

பட்ஜெட் ஆவணத்திலேயே இருப்பதைக் கேட்டாலும் செல்லாது. விதித்தும் வசூலாகாத வரியின் மொத்தத் தொகை, வரிச் சலுகைகளால் வரும் இழப்பு இரண்டும் வரவு பட்ஜெட்டின் இணைப்புகளில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அடுத்த படியைக் கேள். வழக்கில் சிக்கிய தொகையில் தீர்ப்பாயத்தில் எவ்வளவு, உயர் நீதிமன்றங்களில் எவ்வளவு?

இரண்டாவது வரைவில் வரி பாக்கி வைத்த நிறுவனங்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறாய். வருமான வரிச் சட்டத்தில் வரி செலுத்துவோர் தகவலை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். வங்கிக் கடன்காரர் பெயர் என்றால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45E பிரிவைக் காட்டுவார்கள். பெயரை விட்டுவிட்டு, 100 கோடிக்கு மேல், 500 கோடிக்கு மேல் என்று அடுக்கு வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று கேட்டால் மறுக்க வழியில்லை. கடன் ரைட்-ஆஃப் (வராக் கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவது) விவகாரமும் அப்படித்தான். பத்து நிதியாண்டுகளில் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் மக்களவையில் பதில் வந்தது. கூடவே 'இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடர்கிறது' என்றும் சொன்னார்கள். அப்படியானால் ரைட்-ஆஃப் செய்த கணக்குகளிலிருந்து ஆண்டுவாரியாக, வங்கிவாரியாகத் திரும்பி வந்தது எவ்வளவு என்று கேட்பதுதான் சரியான அடுத்த கேள்வி.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் பற்றிய கேள்வியை நிதி அமைச்சகத்துக்கு அனுப்பாதே, வீட்டுவசதி நகர்ப்புற அமைச்சகத்துக்கு மாற்றிவிடுவார்கள். வெளிநாட்டுக் கடன் பகுதியை மட்டும் தனிக் கேள்வியாக்கி நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு அனுப்பலாம்.

மக்களவையில் நிதிக்கு நாள் திங்கட்கிழமை. 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும்; பிறகு குலுக்கல். ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் பட்டியலில் ஏறாது. நட்சத்திரக் குறியிட்டவை, அதாவது அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், நாளுக்கு 20 என்றாலும் அவையில் வாய்மொழியாக எடுக்கப்படுபவை சில மட்டுமே, எனவே துணைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்ற விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரம் போதும். அட்டவணை வேண்டும் என்றால் எழுத்துபூர்வப் பதில்தான் நல்லது. 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் சலித்துக்கொள்ளாதே, அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, தாண்டினால் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுது.

மாற்றி எழுதியதை நோட்டீஸ் கொடுக்கும் முன் ஒரு முறை எனக்கு அனுப்பு. பதில் வந்ததும் அதன் இணைப்பு அட்டவணைகளையும் சேர்த்தே அனுப்பு, முதல் பக்கத்தை மட்டும் வைத்து என்னால் கணக்குப் பார்க்க முடியாது.

அன்புடன்,
முரளி